‘நார்மல்’ என்றால் வாங்க மாட்டார்

எங்கள் ஆஸ்பத்திரியில் பிரபாவதி சிஸ்டருக்குப் பயப்படாத ஆட்கள் மயக்கத்தில் இருக்கிற நோயாளிகள் மட்டும்தான். மயக்கம் தெளியத் தெளிய அவர்களுக்கும் பயம் வந்துவிடும். “கையப் புடி, இறுக்கிப் புடி, தலையத் தூக்கு பாப்போம்” என்று அவர் போடுகிற சத்தத்துக்கு எமன் வந்திருந்தாலும் வாசலோடு திரும்பிப் போயிருப்பான் என்று ஆபரேஷன் தியேட்டரில் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் காதிலும் விழும். கண்டுகொள்ள மாட்டார்.

ஆபரேஷன் முடிந்த ஆளை நேராக வார்டுக்குக் கொண்டுபோவதில்லை. நடுவில் ஒரு அறை இருக்கிறது, ரெகவரி ரூம் என்று பெயர். மயக்கம் முழுசாகத் தெளிகிற வரைக்கும் அங்கேதான் படுக்கை. அரைத் தூக்கத்தில் கிடக்கிற மனுசனால் தனக்கு உள்ளே என்ன செய்தார்கள் என்று சொல்ல முடியாது. மூச்சு முட்டினால்கூடச் சொல்ல முடியாது. அவனுக்காகச் சொல்ல வேண்டியவர் மயக்க மருந்து கொடுத்த டாக்டர். கேட்டுக்கொள்ள வேண்டியவர் ரெகவரி சிஸ்டர். நடுவில் ஸ்ட்ரெச்சர் தள்ளுவது என் வேலை. அதனால் சொல்கிறவர் வாயும் கேட்கிறவர் முகமும் எனக்கு நன்றாகத் தெரியும்.

பிரபாவதி பிறந்தது கம்மாபுரம் பக்கம். அப்பா கொளஞ்சிநாதன் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர். அந்த நிலமெல்லாம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது, நிலம் வைத்திருந்தவர்களுக்கு நஷ்டஈட்டுக்கு ஒரு வழக்காவது இருந்தது. நிலமே இல்லாதவருக்கு வழக்கும் இல்லை. காண்ட்ராக்டில் சேர்ந்து, கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கொட்டுகிற மண்ணைச் சுரண்டிப் போட்டார். குனிந்தே செய்கிற வேலை. மகளுக்காவது உட்கார்ந்து செய்கிற வேலை கிடைக்கட்டும் என்று கடலூருக்கு அனுப்பி நர்ஸ் படிப்பு படிக்க வைத்தார். நர்ஸ் வேலையில் உட்காருவதே கிடையாது என்பது அந்த மனுசனுக்குத் தெரியாது. படித்து முடித்த பிறகு பிரபாவதி அதைச் சொல்லிக் காட்டினாராம். “நிமிந்துக்கினு நிக்கிற வேலதான? அது போதும் போ” என்றாராம் அவர்.

நெல்லிக்குப்பத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு இங்கே வந்தார். கணவர் அன்புச்செல்வன் மைன்ஸில் எலக்ட்ரீஷியன், காண்ட்ராக்ட்தான். பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை சீக்கிரம் பர்மனென்ட் ஆகிவிடுவார் என்று சொல்லியிருக்கிறார்கள். மகள் காலேஜுக்குப் போய்விட்டாள், அவர் இன்னும் காண்ட்ராக்ட்தான். அதைப் பற்றிக் கேட்டால், “எங்க கல்யாணம் மட்டும் பர்மனென்ட் ஆயிடுச்சிங்க” என்பார் சிஸ்டர். அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்ட ஒரே ஜோக் அது.

டவுன்ஷிப்பில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். ரெண்டு மணிக்கு இந்த ஊரே கை மாறும். மைன்ஸில் முதல் ஷிப்ட் ஆள் இறங்க, அடுத்த ஷிப்ட் ஆள் ஏறுவான். பவர் ஸ்டேஷன், பஸ், கேன்டீன், எங்கள் ஆஸ்பத்திரி, எல்லாம் அதே நேரம்தான். ஷிப்ட் முடிந்த புருசன்மார் பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போக நேராக எங்கள் கேட்டுக்கு வருவார்கள். பசியோடு வருகிறவர்கள். பைக்கை ஆஃப் பண்ணாமல் ஹாரன் அடிப்பார்கள். எந்த ஹாரன் யாருக்கு என்று ஒவ்வொரு நர்ஸுக்கும் தெரியும்.

கை மாறும்போது சொல்வதற்கு இந்த ஊரில் ஒரே வார்த்தைதான், நார்மல். இறங்குகிறவன் நார்மல் என்பான், ஏறுகிறவன் சரி என்பான், முடிந்தது. அது மைன்ஸிலிருந்து வீடுகளுக்கும் வந்துவிட்டது. சர்க்கரை எவ்வளவு என்றால் நார்மல். மகன் மார்க் என்ன என்றால் நார்மல். கல்யாணச் சாப்பாடு எப்படி என்றால் அதுவும் நார்மல். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள்தான் எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறார்கள். நோயாளியையும் அதே வார்த்தையைச் சொல்லித்தான் கை மாற்றினார்கள். பிரபாவதியும் அதைக் கேட்டு ‘சரி’ சொன்னவர்தான்.

பொன்னம்மாள் என்று ஒரு அம்மா. குள்ளஞ்சாவடி மார்க்கெட்டில் காய்க்கடை. பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் ஆனது. முடிகிற சமயத்தில் மணி ரெண்டை நெருங்கிவிட்டது. மயக்க டாக்டர் சிவக்குமார் சாருக்கு வடலூரில் இன்னொரு ஆஸ்பத்திரியில் கேஸ் காத்திருந்தது. தியேட்டரை விட்டு வெளியே கொண்டுபோகும் பொறுப்பை டெக்னீஷியன் செங்குட்டுவனிடம் கொடுத்துவிட்டு அவர் கிளம்பினார். கிளம்புவதற்கு முன்னால் வலிக்கு ஒரு ஊசி போட்டிருந்தார். அதைக் குறித்த தாள் தியேட்டருக்குள்ளேயே இருந்துவிட்டது. செங்குட்டுவனுக்குக் கேட்டில் கூட்டாளி பைக்கோடு நின்றான்.

“நார்மல்க்கா” என்றான்.

“சரி” என்றார் பிரபாவதி.

பொன்னம்மாள் முனகினார். வலித்தால் இந்த ஊசி என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது. பிரபாவதி போட்டார். அதே ஊசி, ரெண்டாவது தடவை. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவின் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அப்புறம் மார்பு ஏறவே இல்லை. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டது. பிரபாவதி தாடையைத் தூக்கிப் பிடித்து, மாஸ்க்கை முகத்தில் அமுக்கி, பையை அழுத்தி அழுத்திக் காற்றை உள்ளே அனுப்பிக்கொண்டே டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினார். ட்யூட்டி டாக்டர் ஓடி வந்து மாற்று மருந்து போட்டார். அப்புறம்தான் மூச்சு வந்தது. அந்த அம்மா கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, “என் செருப்ப எங்க வெச்சீங்க?”

எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிரபாவதி சிரிக்கவில்லை. செருப்பைத் தேடி எடுத்துவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தார். அப்புறம் வெளியே போய் பொன்னம்மாளின் மகளிடம், ஒரே ஊசியை ரெண்டு தடவை போட்டுவிட்டோம், தப்பு எங்கள் பக்கம், இப்போது நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் வராண்டாவிலேயே வைத்து அவரை வாய்க்கு வந்தபடி திட்டியது. முழுதும் திட்டி முடிக்கிற வரை நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். அதற்கு அப்புறம் மேனேஜர் சக்கரபாணி கூப்பிட்டுத் திட்டினார். பேஷண்ட்தான் பிழைத்துவிட்டாரே, வெளியே எதற்குச் சொன்னீர்கள் என்று.

“போட்ட ஊசிய நாங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்காததுதாங்க தப்பு. அத அவங்ககிட்டயும் சொல்லாம வுட்டா ரெண்டு தப்பு” என்றார் சிஸ்டர்.

யார்மேல் குற்றம் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். டாக்டர் ஊசி போட்டது சரி. சிஸ்டர் ஷீட்டைப் பார்த்துப் போட்டதும் சரி. செங்குட்டுவன் பொய் சொல்லவில்லை, அவன் கண்ணுக்கு எல்லாம் நார்மலாகத்தான் இருந்தது. ஆளாளுக்குச் சரியாகச் செய்தும் ஒரு உயிர் போகப் பார்த்தது. அதுதான் பிரபாவதியைத் தூங்கவிடவில்லை போல. சிவக்குமார் சார் அடுத்த தடவை வந்தபோது நேராகப் போய்க் கேட்டார். நோயாளியை வாங்கும்போது நான் என்னென்ன கேட்க வேண்டும், எழுதிக் கொடுங்கள் என்று.

சிவக்குமார் சார் கெட்டவர் இல்லை. அவர் அப்பா திருநெல்வேலியிலிருந்து மைன்ஸ் வேலைக்கு வந்து பர்மனென்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். சார் வளர்ந்ததே இங்கே குவார்ட்டர்ஸில்தான். மூன்று ஆஸ்பத்திரிக்கு ஒரே ஆளாக ஓடிக்கொண்டிருந்தார். சிஸ்டர் கேட்டதும் தன் பையைக் கிளறி ஒரு தாளை எடுத்தார். ஏதோ மாநாட்டுக்குப் போனபோது கொடுத்தது, மயக்கம் கொடுத்தவர் அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாகப் போட்டிருந்தது. இது நல்ல விஷயம்தான், ஆனால் இதற்கெல்லாம் இங்கே ஏது நேரம் என்றார். நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கி வந்தார் சிஸ்டர். ரெண்டு பேருமாக உட்கார்ந்து அதைச் சுருக்கினார்கள். யார், என்ன ஆபரேஷன், எந்த மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, வலிக்கு என்ன கொடுத்தீர்கள், எப்போது, ரத்தம் எவ்வளவு போனது, மூச்சுக் குழாய் போடும்போது சிரமம் இருந்ததா, இனிமேல் எதற்குப் பயப்பட வேண்டும், பயம் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். படித்துக் கேட்டால் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

சக்கரபாணி கணக்கு வேறு. ஒரு நாளைக்கு இத்தனை ஆபரேஷன் என்று இருக்கிறது, அதில் கை வைத்தால் ஆஸ்பத்திரி நடக்காது. சிஸ்டர் போய்க் கேட்டதும், யோசித்துவிட்டு ஒரு மாசம் பாருங்கள் என்றார். இந்தக் கேள்விகளால் ஒரே ஒரு ஆபரேஷன் தள்ளிப்போனாலும் தாள் குப்பைக்கு, சிஸ்டர் ரெகவரியை விட்டு ஓ.பி.யில் கட்டுப்போடுகிற இடத்துக்கு. எங்களையெல்லாம் வைத்துக்கொண்டுதான் சொன்னார். பிரபாவதி சம்மதித்தார். பத்து வருசத்துக்கு மேல் அவர் ஆண்ட அறை அது. இன்னொரு பொன்னம்மாள் அங்கே மூச்சு நின்று கிடக்கக் கூடாது, அதற்குத் தான் அங்கே இருந்தாக வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு.

முதலில் அச்சடித்த தாளில் டிக் அடிக்கிற மாதிரிதான் செய்தார்கள். அதை ‘பிரபா சிஸ்டர் ஸ்கூல்’ என்று கிண்டல் செய்தார்கள். தாளை நீட்டும்போது செங்குட்டுவன் கையைக் கட்டிக்கொண்டு “உள்ளேன் டீச்சர்” என்பான். அதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். ஒரு நாள் ஏதோ சாமான் எடுக்கத் தியேட்டர் வாசல் வரை போனவர், டிராலி மேல் அந்தத் தாளைப் பார்த்துவிட்டார். எல்லாக் கட்டத்திலும் டிக். ‘கண் திறந்து கையைப் பிடித்தாரா’ என்பதற்கும் டிக். உள்ளே அந்த நோயாளி இன்னும் வாயில் குழாயோடு மேஜைமேல் கிடக்கிறார்.

செங்குட்டுவனைக் கூப்பிட்டார். என்ன இது என்றார்.

“எப்பவும் அதான வருது, அக்கா. கடைசில அவசரம் ஆவுது. அதான் முன்னாடியே போட்டு வெச்சிக்கினேன்.”

“அந்தாளு எப்ப உன் கையப் புடிச்சாரு?”

“புடிப்பாரு, அக்கா.”

“புடிக்கலன்னா?”

சிஸ்டர் தாளை நாலாக மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அக்கா தாளை எடுத்துக்கொண்டு போனதுதான் பயமாக இருக்கிறது என்று அவன் என்னிடம் புலம்பினான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த ஊரில் ஷிப்ட் தாளை முன்கூட்டியே நிரப்பி வைப்பது ஒரு கெட்டிக்காரத்தனம். அப்படிச் செய்கிறவனைத்தான் வேகமான ஆள் என்பார்கள்.

அன்று வீட்டில் நடந்ததை அன்புச்செல்வன் டீக்கடையில் சொன்னார். சோறு போட்டுக்கொண்டே சிஸ்டர் பொரிந்து தள்ளியிருக்கிறார். பேனாவைப் பிடுங்கிக்கொள்ளலாமா, தாளைப் பூட்டி வைக்கலாமா என்றெல்லாம். அன்புச்செல்வன் கேட்டிருக்கிறார்.

“பேப்பர்ல டிக் அடிச்சா கரண்ட் நிக்குமாடி?”

“அத ஏன் என்னக் கேக்கற?”

“லைன்ல ஏறதுக்கு முன்னாடி நாங்க லைன் கிளியர் வாங்கறோமே, போன்ல. எந்த லைன் ஆஃப்னு அவன் சொல்லுவான். அத வார்த்தைக்கு வார்த்த நான் திருப்பிச் சொல்லணும். சொல்லலன்னா அவன் போன வெக்க மாட்டான், நான் ஏற மாட்டேன். டிக் அடிச்சிட்டு ஏறனவன்லாம் திரும்பி வூட்டுக்கு வர்ல.”

சிஸ்டர் அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாராம். பாராட்டு என்று அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார் அன்புச்செல்வன்.

மறுநாள் தாளும் இல்லை, பேனாவும் இல்லை. கேள்விகளைப் பெரிய எழுத்தில் அட்டையில் போட்டு, பிளாஸ்டிக் உறை ஒட்டி, ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் தொங்கவிட்டுவிட்டார். அதில் எழுதவும் முடியாது, டிக் அடிக்கவும் முடியாது. ரெகவரி சிஸ்டர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். மயக்கம் கொடுத்தவரே நேரில் நின்று பதில் சொல்ல வேண்டும், டெக்னீஷியன் கையில் கொடுத்து அனுப்பக் கூடாது. சொன்னதை சிஸ்டர் திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் டாக்டர் திருத்த வேண்டும். அந்த நேரத்தில் வேறு யாரும் பேசக் கூடாது, நான் உட்பட. திருப்பிச் சொல்லி முடித்து, ‘வாங்கிட்டேன்’ என்று சிஸ்டர் சொல்லும் வரை நோயாளி டாக்டர் பொறுப்பில்தான். கேட்டில் ஹாரன் கிழியட்டும்.

அவர் மட்டும் செய்தால் போதாது என்று மற்ற நர்ஸுகளுக்கும் பழக்கினார். நானே கட்டிலில் நோயாளியாகப் படுத்திருக்கிறேன், பழக்குவதற்கு. கூச்சத்தில் முணுமுணுத்துக் கேட்ட பிள்ளைகளை, “எதுத்த கட்டிலுக்குக் கேக்கணும்” என்று விரட்டினார். தடுமாறுவார்கள், மறுபடி முதலிலிருந்து கேட்க வைப்பார். பதில் சொல்ல சிவக்குமார் சார் சில நாள் பொறுமையாக நின்றார், சில நாள் கார் சாவியை ஆட்டிக்கொண்டே நின்றார். ஆனால் நின்றார்.

மாசம் முடிகிற தறுவாயில் ஒரு நாள் தியேட்டரில் கேஸ் மேல் கேஸ். ஹெர்னியா ஆபரேஷன் முடிந்த ஒரு ஆளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். சிவக்குமார் சாரும் கூடவே வாசல் வரை வந்தார். அடுத்த நோயாளியை ஏற்கெனவே மேஜையில் ஏற்றிவிட்டார்கள். கையுறை மாட்டிக்கொண்டு ஆபரேஷன் டாக்டர் காத்திருக்கிறார் என்று உள்ளேயிருந்து ஒரு குரல். சார் அவசரத்தில், “நார்மல் சிஸ்டர், பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பிவிட்டார்.

பிரபாவதி அந்த ஆளின் தாடையைப் பிடித்துக்கொண்டார், ஆக்சிஜன் வைத்தார், விரலில் மெஷினை மாட்டினார். கண்ணை அவர்மேலிருந்து எடுக்காமல் என்னிடம் சொன்னார்.

“அண்ணே, நான் இன்னும் வாங்கல. சாரக் கூப்பிடுங்க.”

உள்ளே ஆபரேஷன் நிற்கிறதே, நின்றால் அட்டையும் போகும், இந்த அறையும் போகுமே என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் தெரியும் என்று தலையை மட்டும் ஆட்டினார். போய்க் கூப்பிட்டேன். சார் முகத்தை மூடின துணியைக் கழற்றிக்கொண்டே கோபமாக வந்தார்.

“என்னம்மா இது, அந்த ஆள் நல்லாத்தானே மூச்சு விடுறாரு?”

“விடுறாரு சார். நீங்க என்ன குடுத்தீங்கன்னு எனக்குத் தெரியாதே.”

“உள்ள ஒருத்தர் மேஜைல படுத்திருக்காரு.”

“அவருக்கு நீங்க இன்னும் மயக்கம் குடுக்கல சார். அவரு முழிச்சிக்கினு இருக்காரு. இவருதான் தூங்கறாரு. கேக்கட்டுங்களா?”

சார் தியேட்டர் கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அப்புறம் கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, “கேளுங்க” என்றார். சிஸ்டர் கேட்டார், சார் சொன்னார், சிஸ்டர் திருப்பிச் சொன்னார். விசேசமாக ஒன்றும் அகப்படவில்லை. மறைந்திருந்த ஆபத்து எதுவும் வெளியே வரவில்லை. அந்த ஆள் உண்மையிலேயே நார்மல்தான். “வாங்கிட்டேன் சார்” என்றார் சிஸ்டர். சார் உள்ளே போனார்.

ஆபரேஷன் டாக்டர் சும்மா விடுவாரா? கேஸ் முடிந்ததும் சக்கரபாணி ரெகவரிக்கே வந்துவிட்டார். எல்லோரையும் கூப்பிட்டு வைத்து, இன்றைக்கு யாரால் லேட் என்று கேட்டார்.

“என்னாலதாங்க” என்றார் பிரபாவதி. சாக்குச் சொல்லவில்லை. ஓ.பி.க்குப் போகச் சொன்னால் அந்த நிமிசமே போகிற மாதிரி நின்றார். “ஆனா நாளைக்கு என் எடத்துல யாரு நின்னாலும், கேக்காம வாங்கக் கூடாதுங்க. அத மட்டும் எழுதிக் குடுத்துடுங்க, நான் போறேன்.”

சிவக்குமார் சார் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். “லேட் என் கணக்குல எழுதுங்க” என்றார். “சொல்லாமப் போனது நான்.”

சக்கரபாணி, உங்களுக்கும் இது தொந்தரவுதானே சார், என்று ஆரம்பித்தார்.

“தொந்தரவுதான். முன்னெல்லாம் நான் வடலூர் போய்ச் சேர்றதுக்குள்ள வண்டிய ஓரமா நிறுத்தி இங்க போன் போடுவேன். அத சொன்னேனா, இத சொன்னேனான்னு. சில நாள் யாரும் எடுக்க மாட்டாங்க. அங்க போய் இன்னொருத்தருக்கு மயக்கம் குடுத்துட்டு இருப்பேன், மண்டைக்குள்ள இங்க இருக்கிற ஆள் மூச்சு விடுறாரான்னு ஓடும். இந்த மாசம் நான் ஒரு போன்கூடப் பண்ணல. நீங்க வேணா விசாரிச்சுப் பாருங்க.”

சக்கரபாணி விசாரிக்கவில்லை. அவருக்குக் கணக்குதான் தெரியும், ஆனால் கணக்கு நன்றாகவே தெரியும். அடுத்த ஆளை முன்கூட்டியே மேஜையில் ஏற்றினதால்தானே இந்த அவசரம் என்று அவரே பிடித்துவிட்டார். இனிமேல் ரெகவரியில் வாங்கிவிட்டோம் என்று சொல்கிற வரை அடுத்த நோயாளியை வார்டை விட்டு எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். அட்டை இருக்கட்டும், சிஸ்டரும் இருக்கட்டும் என்றார். நாள் கணக்கில் ஒரு ஆபரேஷன் குறைந்தால் எனக்குப் பதில் சொல்லுங்கள் என்று போகிறபோது முறைத்துவிட்டும் போனார்.

பிரபாவதி நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. ஹெர்னியா ஆள் கண் விழித்துவிட்டார். “கையப் புடி. இறுக்கிப் புடி” என்று அவரிடம் போய்விட்டார்.

இப்போது தியேட்டர் கதவு திறந்தால் முதலில் கேள்விச் சத்தம்தான். சிவக்குமார் சார் வராத நாளில் வேறு மயக்க டாக்டர்கள் வருகிறார்கள். புதிதாக வருகிறவர் ‘நார்மல்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தால், செங்குட்டுவன் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறான். “எங்க அக்கா இன்னும் வாங்கல சார்” என்கிறான். ரெண்டு மணி ஆகும், கேட்டில் ஹாரன் விடாமல் அடிக்கும். நான் காலி ஸ்ட்ரெச்சரோடு வார்டு வழியில் நிற்பேன், அடுத்த ஆளைக் கொண்டுவர. உள்ளே பிரபாவதி கேட்டுக்கொண்டிருப்பார். டாக்டர் சொல்வதும், அவர் திருப்பிச் சொல்வதும் வராண்டா வரை கேட்கும். முடிந்ததும் கதவைத் திறந்து தலையை நீட்டுவார்.

“வாங்கிட்டேன். அடுத்தவர எடுத்தாங்க, அண்ணே.”

அதைக் கேட்ட பிறகுதான் வண்டியை நகர்த்துவேன்.